ஊன்றுகோல் இருந்த இடம்
மதராஸ் ஆஸ்பத்திரியில் பால்வண்ணநாதனின் இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோகக் குண்டு பொருத்தி இரண்டு மாதம் ஆகிறது. குற்றாலத்து அருவி அடித்தால் மிச்ச வலியும் போய்விடும் என்று மனைவி முத்துவடிவு கூட்டி வந்திருக்கிறாள். ஊன்றுகோலைப் பாறையில் சாய்த்துவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி அவர் அருவிக்குள் நிற்கிறார். தோளில் எண்ணெய் மினுங்குகிறது. கீழே இளவெயில்; மலை உச்சி மட்டும் கறுத்திருக்கிறது. "ஏட்டி, வலியே தெரியல!" துண்டோடு ஓரத்தில் நிற்பவள் சிரிக்கிறாள். அவர் முதுகில் ஒரு பச்சை இலை வந்து ஒட்டுகிறது. பிறகு ஒரு சுள்ளி. வெள்ளைத் தண்ணீர் செம்மண் நிறமாகிறது. பக்கத்தில் குளித்தவர்கள் அவரை இடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். "தண்ணி கலங்குது, வெளிய வாங்க!" என்று அலறுகிறாள். "ஊணுகம்ப எடுட்டி" என்று அவர் ஒரு கையை நீட்டுகிறார். அதைச் சாய்த்துவைத்த பாறையின்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.