பத்து மணி வரைக்கும்

தேவாலய வாசலில் காரைவிட்டு இறங்கிய மணப்பெண் பிரிஜட், வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பத்து மணி வரைக்கும் மழை வரக்கூடாது, அத்தை."

மாமியாராகப் போகிற பிலோமினம்மாள் உருகிப்போனார். "வர்றவங்க நனையக்கூடாதுன்னு எவ்வளவு அக்கறை!"

பூசையிலும் பிரிஜட்டின் கண் அடிக்கடி ஜன்னலுக்குப் போனது. வெளியே நல்ல வெயில்.

தாலி ஏறியது. படமெடுக்க எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றதும் இடியோடு மழை கொட்டியது. மணப்பெண்ணின் வெள்ளைச் சேலை தொப்பலாக நனைந்தது.

"நீ வேண்டிக்கிட்டது பலிக்கலையேம்மா!"

"பலிச்சிடுச்சு, அத்தை! மணி பத்தரை ஆயிடுச்சே!" பிரிஜட் மழையில் நின்று சிரித்தாள்.

புரியாமல் விழித்த அம்மாவிடம் மாப்பிள்ளை இயேசுதாசன் சொன்னான்: "இவ வேலையே சேட்டிலைட் படத்தை வச்சுத் தண்ணி ஆராய்ச்சி பண்றதுதானே, அம்மா. பத்து மணிக்கு அந்தச் சேட்டிலைட் நம்ம அணையையெல்லாம் படம் புடிச்சிட்டுப் போயிருக்கும். ஒரு வருஷமா வந்த படத்துல எல்லாம் வெறும் மேகம்லா!"

"அப்ப நம்ம கல்யாணப் படம்?"

"அதை நாளைக்குக்கூட எடுத்துக்கலாம், அத்தை. சேட்டிலைட் திரும்பி வர ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும்."