ஜோடியில்லாத கையுறை

"கன்னியப்பன் மாமா ஏம்ப்பா யார்கூடவும் சேர்றதில்ல?" என்று தேவசகாயத்திடம் அவர் மகள் ஒருமுறை கேட்டாள்.

கன்னியப்பன் இரண்டு வருடமாக ஆம்பூர்த் தோல் கிடங்கில் தனியாகக் காவல் இருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் தேவசகாயம் ஒரு மூட்டையோடு அங்கே போனார்.

"இன்னாப்பா மூட்டை?"

"வாள் விளையாட்டுச் சாமான். கையுறை தைக்க மாதிரி பார்க்கன்னு கம்பெனிக்கு வந்தது. வேலை முடிஞ்சுது, முதலாளி எடுத்துக்கச் சொன்னாரு."

நுனியில் குமிழ் வைத்த மெல்லிய வாள்கள் மூன்று இருந்தன. தேவசகாயம் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கச் சொன்னார்.

"புதுசா கத்துக்கறவனுக்குக் கனம் கம்மியா இருக்கணும்."

கம்பிவலை முகமூடியைக் கன்னியப்பனுக்கு மாட்டி, தாடையருகே இடைவெளி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். கடைசியாக ஒரு தோல் கையுறையை நீட்டினார்.

"இது நான் தச்சது. உன் அளவு."

"ஜோடிய எலி தின்னுடுச்சா?" என்று கன்னியப்பன் சிரித்தார்.

"இந்த ஆட்டத்துக்கு ஜோடி கிடையாது. வாள் புடிக்கற கைக்கு மட்டும்தான் உறை. ஒரு கை போதும்."

கன்னியப்பனின் சிரிப்பு நின்றது. அவர் சட்டையின் இடக்கை காலியாகத் தொங்கியது. தோல் சீவும் இயந்திரத்தில் சிக்கிய தேவசகாயத்தை இழுத்துக் காப்பாற்றியபோது போன கை அது.

"எதிர்ல நிக்க எவன் வருவான்?"

தேவசகாயம் இன்னொரு முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஆண்டவரைத் தவிர யாரும் பார்க்காத அந்தக் கிடங்கில் இருவரும் மாலைவரை ஆடினார்கள். தேவசகாயம் தமது இடக்கையை முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.