ஒரு பொட்டு ஈரம்

காளிராஜ் குனிந்து உள்ளங்கையால் மண்ணைத் தடவிப் பார்த்தார்.

"ஏட்டி, வந்து பாரு. ஒரு பொட்டு ஈரம் இருக்கா?"

இல்லை. மரச்சட்டத்தில் தொங்கிய படகு மோட்டாருக்குக் கீழே எங்கள் வாசல் மண் எப்போதும்போல் கறுப்பாக, வெடிப்பு விழுந்து கிடந்தது.

"கம்மாயில தண்ணி இல்லாத ஊருல போட் மெக்கானிக்கு. சாப்பிட வாங்க," என்றேன்.

சிரித்துக்கொண்டே வந்தார். மோர் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மிளகாய்க் காடுகளில் மருந்தடிக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பதுதான் என் கணவருக்குத் தொழில். படகு மோட்டார் அவருக்கு அதுதான் முதல். வேம்பாரிலிருந்து எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவந்து விற்கும் கடற்கரை என்பவருக்குச் சொந்தப் படகு உண்டு. அவர்தான் "எல்லாம் ஒரே டூ ஸ்ட்ரோக் இஞ்சின்தான அண்ணாச்சி" என்று மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். அதன் எண்ணெய்த் தொட்டி ஒழுகியது. புதுத் தொட்டி வர மாதக்கணக்காகும் என்றிருக்கிறார்கள்.

காளிராஜ் தொட்டியின் அடியில் இருந்த விரிசலைச் சூடு வைத்து உருக்கி ஒட்டினார். குழாய் சேரும் இடத்தில் புது ரப்பர் போட்டார். தண்ணீர் டிரம்முக்குள் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, டிரம்மை நகர்த்தி, ராத்திரி முழுக்க அப்படியே தொங்கவிட்டார். காலையில் தொட்டியில் மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஓடும்போது இஞ்சின் குடித்தது என்றார்.

அந்த மோட்டார் எண்ணெயைத் தானே எடுத்து பெட்ரோலோடு கலந்துகொள்ளும். தொட்டி காய்ந்தால் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். எண்ணெய் குறைந்தால் கத்த வேண்டிய பஸ்ஸர் எப்போதோ செத்திருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவியவர், கடலில் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி மோட்டாரோடு கிளம்பினார்.

அவரும் கடற்கரையும் படகில் போக, கரை கண்ணுக்கு மறைந்த பிறகு மோட்டார் இறுகி நின்றது. ஆடிக் காற்று படகைக் குறுக்கே திருப்ப, அலை அதைக் கவிழ்த்துப் போட்டது. என் கணவருக்குத் தெரிந்ததெல்லாம் கிணற்று நீச்சல்.

கடற்கரை நீந்திக் கரை சேர்ந்தார். எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். துக்க வீட்டில் என் அண்ணன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து அடித்தான். அவர் கையைக்கூட உயர்த்தவில்லை.

ஐப்பசியில்தான் மழை வந்தது. வெடிப்புகள் தண்ணீரைக் குடித்து மூடிக்கொண்டன.

காலையில் கதவைத் திறந்தபோது, மோட்டார் தொங்கிய இடத்தில் தேங்கிய தண்ணீரின் மேல் நீலமும் மஞ்சளுமாக எண்ணெய் மிதந்தது.

சொட்டியதையெல்லாம் மண் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. கரிசலில் எண்ணெய்க் கறை எங்கே தெரியும்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடற்கரை வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அடிபட்டுப் போனவர் அன்றைக்குத்தான் மறுபடி வருகிறார். கையில், காளிராஜ் கரையில் விட்டுப்போன ஸ்பானர் பை.

நான் போய் அந்தத் தண்ணீருக்குள் நின்றுகொண்டேன். சேலையைத் தழைய விட்டேன்.

என் கணவர் கை பட்டால் மெஷின் பேசும் என்று சொல்வார்கள். செத்த பிறகு அந்தப் பெயரில் ஒரு சொல் விழக் கூடாது என்று கால் தானாகப் போய்விட்டது. செய்யாத தப்புக்கு அடிவாங்கிய மனிதர் எதிரே நிற்கிறார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பாதங்களைச் சுற்றி நிறங்கள் விரிந்துகொண்டே போயின.

கடற்கரை என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மறைக்க வேண்டாம் மதினி. வேம்பார் மணல்ல எறக்கி வச்சப்பவே பாத்துட்டேன். வெள்ள மணலுல்லா, ஒவ்வொரு சொட்டும் தெரிஞ்சிது."

பிறகு ஏன் படகை எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் தலைத்துண்டை உருவி முகத்தைத் துடைத்தார்.

"எங்க ஆளுவ அத்தன பேரும் அங்கன நின்னாவ. 'மருந்தடிக்க வந்தாரா, மீன் பிடிக்க வந்தாரா'ன்னு ஏற்கெனவே சிரிப்பு. நானும் சொன்னா அண்ணாச்சி மொகம் வாடிருமேன்னு, ஒரு கேன் ஆயில வலைக்கு அடியில ஒளிச்சு வச்சேன். கடலுக்குள்ள போயி, அண்ணாச்சி அங்கிட்டுத் திரும்பும்போது ஊத்திக்கிடலாம்னு."

தூறல் மறுபடி பிடித்தது. அவர் நகரவில்லை.

"இப்பத் திரும்புவாவ, இப்பத் திரும்புவாவன்னு இருந்தேன். திரும்பவே இல்ல மதினி. தான் பாத்த மோட்டாரு கடல்ல ஓடுதத, கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டே வந்தாவ."

ஸ்பானர் பையை வாசற்படியில் வைத்தார். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார்.

தண்ணீரை விட்டு வெளியே வராமலே தலையாட்டினேன்.

வேம்பாரில் இறங்கி கடற்கரை வீடு எது என்று கேட்டால், இன்றைக்கும் திருப்பிக் கேட்கிறார்கள்: "எந்தக் கடற்கரை, எண்ண ஊத்த மறந்தவனா?"