எல்லாருக்கும் ஓம்

"குடும்பத் தலைவற்றை பேரைச் சொல்லுங்கோ" என்றான் செல்வரட்ணம்.

"அருளம்பலம். தெல்லிப்பழை" என்றாள் சின்னாச்சி.

அவன் ஆங்கில எழுத்தில் தட்டினான். திரையில் OM என்று வந்தது.

போருக்குப் பயந்து வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குள் நெருக்குப்பட்டுக் கிடந்த ஐப்பசி கார்த்திகை அது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. தொண்டு நிறுவனமொன்று கொடுத்த கணினி. வெளியே ஜெனரேற்றர்.

பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் பதிந்த பெயர்களை உள்ளே ஏற்றியாகிவிட்டது. கேட்கிற பெயர் இருந்தால் ‘ஆம்’ என்பதற்கு OM, இல்லாவிட்டால் ILLAI. எந்த இடத்தில் என்று காட்டும் பகுதியைப் பெர்னடெட் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

பெர்னடெட் குருநகர்க்காரி. பல்கலைக்கழகத்தில் படித்த C மொழியில் புரோகிராம் முழுவதையும் தனியே எழுதியவள். இன்று காலைதான் சனத்துக்குத் திறந்துவிட்டிருந்தார்கள்.

"பதிஞ்சிருக்கம்மா. இருக்கிறார்" என்றான் செல்வரட்ணம்.

"அவர் எப்பிடித் தம்பி இருப்பார்? அவர் செத்து எத்தினை வருசம்! நான் தேடுறது என்ரை மகள் பாலேஸ்வரியை. நீர் தலைவற்றை பேர் கேட்டீர், சொன்னனான்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"அது வேறை ஒரு அருளம்பலமாயிருக்கும்."

பக்கத்தில் இருந்த பெர்னடெட் சிரிக்கவில்லை. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, கைக்கு வந்த எழுத்துகளைத் தட்டினாள். அப்படியொரு பெயர் உலகத்தில் எவருக்கும் இருக்காது.

OM.

அவள் புரோகிராமைத் திறந்து, வரி வரியாக இறங்கினாள்.

பெயரைத் தேடும் பங்ஷனை, அந்த வேலைக்கென்று எழுதிய வரித்தொகுதியை, அழைக்கிற இடத்தில், அதன் பெயருக்குப் பின்னால் வரவேண்டிய அடைப்புக்குறிகள் இல்லை.

அவை இருந்தால் கணினி போய்த் தேடும். இல்லாவிட்டால் தேடாது. பங்ஷனின் வெறும் பெயரை, அது நினைவகத்தில் இருக்கும் முகவரியாக C தானாகவே மாற்றிக்கொள்ளும். அந்த முகவரி ஒருபோதும் பூச்சியமாக இருக்காது. பூச்சியம் இல்லாதது எதுவானாலும் அதற்கு உண்மைதான்; உண்மையென்றால் OM.

எழுதியதைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் கம்பைலர் ஒரு எச்சரிக்கையும் தந்திருக்கவில்லை.

காலையிலிருந்து அது ஒருவரையும் தேடவில்லை.

அடைப்புக்குறிகளைப் போட்டாள். அடுத்த வகுப்பறையில் தங்கியிருந்த செல்வரட்ணத்தின் தாயின் பெயருக்கு OM வந்தது. அருளம்பலத்துக்கு ILLAI.

பாலேஸ்வரிக்கும் ILLAI.

சின்னாச்சி திரையைப் பார்த்தாள்.

"இல்லையெண்டால் இல்லையோ பிள்ளை?"

"இன்னும் பதியேல்லை. அவ்வளவுதான் அம்மா."

சின்னாச்சி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சரி, நான் அங்காலை கேட்டுப் பாக்கிறன்" என்று போனாள்.

செல்வரட்ணம் காலையில் ஓம் கேட்டுப் போனவர்களை நினைத்துப் பார்த்தான். யாகப்பு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, வீட்டாருக்குச் சொல்லக் கொடிகாமத்துக்கு மிதித்திருந்தார். லூர்த்தம்மா திரையைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டுப் போயிருந்தாள்.

"அந்த ஆக்களுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"நான் போய்ச் சொல்லுறன். நீ வாற ஆக்களைப் பார்" என்று பெர்னடெட் எழும்பினாள்.

"போக முதல் இன்னும் ஒண்டு ரெண்டு பேர் போட்டுப் பாப்பமே?"

"வேண்டாம். இப்ப சரியா வேலை செய்யுது."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வாசல் படலையடியில், மூட்டை கட்டிய சைக்கிளோடு ஒருவர் ஒதுங்கி நின்றார். முன்பின் தெரியாத மனிதர். அவரைக் கடந்து போனவள் திரும்பி வந்தாள்.

"அண்ணை, குருநகர் சிமியோன் எண்டு ஒராளை வழியிலை எங்கையும் கண்டனீங்களோ? ஒரு காலை இழுத்து நடப்பார். என்ரை அப்பா."

தேடும் பகுதியை எழுதி முடித்த அன்று அவள் முதலில் போட்டுப் பார்த்தது அந்தப் பெயரைத்தான். அதற்குப் பிறகு அவள் ஒருவரிடமும் விசாரித்திருக்கவில்லை.