மாடி வீட்டுக்கு ஒரு நேர்காணல்

மாடி வீட்டு வாடகை விஷயமாகப் பேச்சு நடந்தது. ஓய்வு பெற்ற தலைமை எழுத்தரும் அவர் மனைவியும் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் நாற்காலியில் இருந்த நர்ஸ் சிரிக்காமல் கேள்வி கேட்டாள்.

"டிவியைச் சத்தமா வைப்பீங்களா சார்?"

"சேச்சே! எங்களுக்கே கேட்காதும்மா."

"சொந்தக்காரங்க கூட்டமா வந்து தங்குவாங்களா?"

"ஒருத்தரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாங்க" என்றாள் மனைவி.

"தண்ணிக்காக ஏதோ பெரிய சண்டைன்னு கேள்விப்பட்டேனே?"

"அது பழைய கதைம்மா. மனுஷன் இப்ப ரொம்பத் திருந்திட்டார்."

அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். நர்ஸ் யோசித்தாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"சரி சார், உங்களை நம்பறேன். மாடிச் சாவியைக் குடுங்க. ஞாயித்துக்கிழமை குடி வந்துடறோம்."

மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் வாய்க்குப் பயந்து எந்தக் குடித்தனமும் நிலைக்காமல், அந்த மாடி ஒரு வருஷமாகப் பூட்டியே கிடந்தது. சாவியை ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்துவிட்டு, கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா, சுவத்துல ஆணி மட்டும்..." என்று ஆரம்பித்த வீட்டுக்காரரின் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

"...தாராளமா அடிச்சுக்கோம்மா!" என்று முடித்தார்.