சிதாத்தி மனைவி இளைக்கிறாள்

"நிறுத்துடி அந்தக் குதியாட்டத்தை. தெருவே சிரிக்குது," என்றான் சிதாத்தி.

சல்கா நிறுத்தவில்லை. உடம்பைச் சுற்றியிருந்த மெல்ஃபாத் துணியை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, கைக்கு ஒரு தண்ணீர் கேனைப் பிடித்தபடி, விருந்தாளிகள் உட்காரும் மெத்தையின் மேல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த போனில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெய்ரூட்காரி ஒருத்தி, "விடாதீங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம்தான்," என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கொஞ்சம் தினமும் ஒரு மணி நேரம் நீண்டது.

சிதாத்திக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமான புதிதில் சல்கா எழுந்து நிற்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். நவாக்ஷோத் நகரத்தில் இருந்த அவன் சொந்தபந்தம் முழுக்க அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. சின்ன வயதில் அழ அழ ஒட்டகப்பாலைப் புகட்டி வளர்த்த உடம்பு அது. மனைவியின் சுற்றளவைப் பார்த்துத்தான் அங்கே கணவனின் தாராளத்தை எடை போடுவார்கள். அந்த வகையில் சிதாத்தி பெரிய வள்ளல். இத்தனைக்கும் குடியிருந்தது மாமனார் மகளுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில்.

இப்போது அந்த வள்ளல் பட்டம்தான் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

"வியாழக்கிழமை என் தம்பி கல்யாணம். இந்த உடம்போட நீ வந்து நின்னா, சிதாத்தி பொண்டாட்டிக்குச் சோறே போடறதில்லைன்னு பேச மாட்டாங்களா?"

"நீங்க போடறீங்க, நான்தான் திங்கலைன்னு சொல்லுங்க."

"எவன் நம்புவான்?"

"பேச்சுக் குடுக்காதீங்க, மூச்சு வாங்குது."

தன் பேச்சு எடுபடாது என்று தெரிந்ததும் சிதாத்தி அக்கா தெக்பெரை வரவழைத்தான். அவள் காரிலிருந்து இறங்கி ஹாலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று இளைப்பாறினாள். மெத்தையில் சாய்ந்து படுத்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"என்னடி இது, கையில சதையே காணோம்? என் தம்பி வீட்டுல பஞ்சமா?"

"நீங்களும் சேர்ந்துக்குங்க அண்ணி. முழங்கால் வலி போயிடும்."

"போய் நான் எங்க ஓடப்போறேன்? நல்ல குடும்பத்துப் பொம்பளைக்கு உக்காந்த இடத்துக்கு எல்லாம் வரணும். எந்திரிச்சுப் போறவ வேலைக்காரி."

"அப்படிச் சொல்லுங்க அக்கா," என்று சிதாத்தி பலமாகத் தலையாட்டினான். அக்கா சொன்ன எதற்கும் அவன் இவ்வளவு பலமாகத் தலையாட்டியதில்லை.

கிளம்பும்போது தெக்பெர் தம்பியை முற்றத்தில் ஓரங்கட்டினாள். "நாப்பது வயசுக்கு மேல ஒருத்தி திடீர்னு உடம்பைக் குறைக்கிறான்னா, எவனோ மனசுல புகுந்திருக்கான்னு அர்த்தம். கண்ணு வச்சுக்கோ."

அந்த வார்த்தை சிதாத்தியின் தூக்கத்தைக் கெடுத்தது. மாலையில் வழக்கம்போலத் துறைமுகத்தில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவன், அங்கிருந்து வீட்டுக்குப் போன் மேல் போன் போட்டான். எங்கே இருக்கிறாய், யார் வந்தது, ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்டான். பெய்ரூட்காரியின் குரல் கேட்டால் கொஞ்சம் நிம்மதி. கேட்காத நாளில் உயிர் போய் உயிர் வந்தது. கட்டின மனைவி தனக்குத் துரோகம் செய்வதா என்று நினைக்க நினைக்க அவனுக்கு அழுகையே வந்தது. அப்படி ஒரு மென்மையான மனது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் துறைமுகத்துக்குப் போகாமல், ஒரு மரக்கிண்ணம் நிறைய ஒட்டகப்பாலோடு மாலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டான். இன்று இரண்டில் ஒன்று பார்ப்பது என்ற முடிவு.

சல்கா மெத்தையில் அமைதியாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். போன் அணைந்து கிடந்தது.

"மறைக்காமச் சொல்லு. யாருக்காக இளைக்கிறே?"

"உங்களுக்காகத்தான்."

"பொய்."

"சத்தியமா. நம்பாட்டிப் போங்க. எப்படியும் இன்னியோட அதை நிறுத்திட்டேன்."

சிதாத்தியால் நம்ப முடியவில்லை. சோதனைக்காகக் கிண்ணத்தை நீட்டினான். சல்கா இரண்டு கையாலும் வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அக்கா சொன்னதெல்லாம் வெறும் பேச்சு, தன் மனைவி தங்கம் என்று தோன்றியது. இப்படி மடக் மடக்கென்று குடித்தால் ஆறு மாதத்தில் பழைய உடம்பு திரும்பிவிடும்.

"என் பேச்சை அப்பவே கேட்டிருந்தா எனக்கு இத்தனை மனவேதனை உண்டா?" என்றான் செல்லமாக.

"அப்ப வேலை பாக்கி இருந்துச்சு. இன்னிக்குத்தான் முடிஞ்சது."

என்ன வேலை என்று கேட்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம். "சரி சரி, நாளைக்குக் கல்யாணத்துக்கு என் நீல அங்கியைத் தேய்ச்சு வை."

"அது இங்க இல்லையே."

"சலவைக்குப் போட்டியா?"

"இல்ல. உங்க துணிமணி எல்லாமே, சந்தைக்குப் பின்னால நீங்க ஒளிச்சுக் குடிவச்சிருக்கிற உங்க ரெண்டாவது பொண்டாட்டிகிட்ட இருக்கு," என்று சல்கா நிதானமாகச் சொன்னாள். "லிஃப்ட் இல்லாத நாலாவது மாடின்னா நம்ம குடும்பத்துல ஒருத்தியும் ஏறி வர மாட்டாள்னுதானே அங்க வீடு பிடிச்சீங்க? முதல் தடவை ரெண்டாவது மாடியிலயே மூச்சு முட்டித் திரும்பிட்டேன்; இன்னிக்கு உங்க பெட்டியையும் தலையில தூக்கிக்கிட்டே ஏறிட்டேன்."