வெர்னாவின் மூஞ்சி

"நான் பால் ஏத்தப் போற பண்ணையில மாடுகூட என்னைப் பார்த்துச் சிரிக்கும். இந்த வெர்னா சிரிக்க மாட்டா!"

மருத்துவமனைக் கூடத்தில் எல்மர் இப்படிச் சொன்னதும், எதிரே தன் சோதனை முடிவுக்காகக் கைப்பையை இறுக்கிப் பிடித்துத் தனியாக உட்கார்ந்திருந்த இளம்பெண் கரீனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பால் லாரி ஓட்டும் எல்மருக்கு ஊரில் எல்லார் குரலும் வரும். பாதிரியார், போலீஸ்காரர், ஏலக்காரர், ஏலத்துக்கு வந்த மாடு.

கதவு திறந்தது. இஞ்சி தின்ற முகத்தோடு வெர்னா.

"எல்மர். உள்ளே வா."

"எல்மர். உள்ளே வா." அதே முகம், அதே குரல். ஆனால் சொன்னது எல்மர்.

மனைவி ஆர்லிஸ் அவர் விலாவில் ஒரு இடி இடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

"ரத்த அழுத்தம் ஏறியிருக்கு," என்றார் வெர்னா.

"ஏறாதா பின்னே? நுரையீரல்ல புள்ளி தெரியுதுன்னு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினீங்க. முடிவு வந்தாச்சு. நீ பார்த்தும் இருப்ப. நல்லதா, கெட்டதா?"

"டாக்டர் சொல்வார்."

"அடியே, ஒண்ணாங்கிளாஸ்லேருந்து ஒண்ணாப் படிச்சவங்கடி நாம!"

"படிச்சா? நான் மருத்துவ உதவியாளர். டாக்டர் சொன்னா ஊசி போடலாம், ரத்தம் எடுக்கலாம். முடிவைச் சொல்லக் கூடாது."

எல்மர் சுவரில் தொங்கிய வெர்னாவின் சான்றிதழைப் பார்த்துப் பாதிரியார் குரலில் ஓதினார்: "சகோதரி வெர்னா ஊசி குத்துவாராக! ரத்தம் உறிஞ்சுவாராக! ஆயினும் வாய் திறவாதிருப்பாராக!"

ஆர்லிஸ் சிரித்தார். வெர்னா சிரிக்கவில்லை.

"சரி, வாயைத் திறக்காதே. நல்லதுன்னா ஒரு கண்ணை மட்டும் சிமிட்டு. அதுக்கும் தடையா?"

வெர்னா சிமிட்டவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

"முடிஞ்சுது ஆர்லிஸ். என் மான் வேட்டைத் துப்பாக்கி... ஒரு தரம்... ரெண்டு தரம்... உன் தம்பிக்கு மட்டும் குடுத்துடாதே." ஏலக்காரர் குரலில்தான் ஆரம்பித்தார். பாதியில் அது கம்மிவிட்டது.

டாக்டர் வந்தார். "பழைய தழும்புதான் எல்மர். புற்று இல்லை."

ஆர்லிஸ் அழுதார். எல்மர் வராந்தாவுக்குப் பாய்ந்தார்.

"அடிப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேவா மூஞ்சியை அப்படி வெச்சிருந்த? ஒரே ஒரு சிமிட்டு சிமிட்டினா உன் சான்றிதழ் தேஞ்சா போயிடும்?"

"கத்தாதே." வெர்னா குரலைத் தாழ்த்தினார். "உனக்குச் சிமிட்டினா நீ ஊர் பூராச் சொல்லுவ. அப்புறம் நான் சிமிட்டாத ஆளுக்கு, டாக்டர் வர்றதுக்கு முந்தியே, அந்த ரூம்ல தனியா உக்காந்திருக்கும்போதே கெட்டதுன்னு தெரிஞ்சு போயிடும். அதான் எல்லாருக்கும் ஒரே மூஞ்சி. வெள்ளிக்கிழமை ஊர் மீன் வறுவல் விருந்துக்கு வா, அங்கே சிரிக்கிறேன்."

எல்மர் ஆர்லிஸைக் கூட்டிக்கொண்டு அவர் பின்னால் நடந்தார்.

வெர்னா கூடத்துக் கதவைத் திறந்தார். "கரீன். உள்ளே வா."

கரீன் எழுந்தாள். வெர்னாவின் முகத்தில் எதையோ தேடினாள். கிடைக்கவில்லை. வெளியே வந்த எல்மரைப் பார்த்தாள்.

"எனக்கும் இதே மூஞ்சியைத்தான் காட்டினா, கண்ணு. டாக்டர் ஒண்ணுமில்லேன்னுட்டார். அந்த மூஞ்சியை வெச்சு நீயா எதையும் முடிவு பண்ணிக்காதே." எல்மர் திரும்பினார். "ஆர்லிஸ், புள்ள தனியாப் போகுது பார். நீயும் கூடப் போ."

பாதிரியார் குரலும் இல்லை, ஏலக்காரர் குரலும் இல்லை. அது எல்மரின் சொந்தக் குரல்.